பிகினி அணுகுண்டுக் கப்பல்களில் டைவ் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிகினியில் டைவ் செய்யப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது கதிர்வீச்சைப் பற்றித்தான். அதற்குப் பதில் சுருக்கமானது, கீழே வருகிறது. உண்மையில் அங்கே ஆளைக் கொல்லக்கூடியவை வேறு மூன்று: 50 மீட்டரைத் தாண்டும் ஆழம், எண்பது வருடத் துரு, மருத்துவ உதவிக்கு ஒரு நாளுக்கு மேலான கடல் பயணம். இம்மூன்றில் எது தவறினாலும், அதைச் சமாளிக்கும் ஏற்பாடு நீங்கள் போகும் டைவ் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து யாரும் உடனே வந்து சேர மாட்டார்கள்.

கப்பல்கள் அங்கே கிடப்பதன் காரணம்

பிகினி, மார்ஷல் தீவுகளின் வடக்கே உள்ள ஒரு பவளத்தீவு வளையம். 23 குட்டித் தீவுகள், நடுவே சுமார் 600 சதுர கிலோமீட்டர் காயல். 1946 மார்ச்சில் அங்கிருந்த 167 பேரையும் அமெரிக்கக் கடற்படை ரோங்கரிக் தீவுக்கு ஏற்றி அனுப்பியது. போர் முடிந்து மிச்சமிருந்த கப்பல்களையும், ஜப்பானிடமும் ஜெர்மனியிடமும் கைப்பற்றிய கப்பல்களையும் காயலில் வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். குண்டு வெடித்தால் கடற்படைக் கப்பல்கள் தாங்குமா என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஜூலை 1-ஆம் தேதி ‘ஏபிள்’ குண்டு விமானத்திலிருந்து போடப்பட்டு, கடலுக்கு மேலே சுமார் 158 மீட்டரில் வெடித்தது. ஆரஞ்சு வண்ணம் பூசிய நெவாடா போர்க்கப்பல்தான் குறி. குண்டோ அதிலிருந்து ஏறக்குறைய 650 மீட்டர் தள்ளி விழுந்தது. கில்லியம், கார்லைல், ஆண்டர்சன், லாம்சன் ஆகியவை அன்றும், ஜப்பானின் சகாவா மறுநாளும் மூழ்கின. ஜூலை 25-ஆம் தேதி ‘பேக்கர்’ குண்டைத் தண்ணீருக்கடியில் 27 மீட்டரில் வெடித்தார்கள். இன்று டைவர்கள் தேடிப் போகும் பெரிய கப்பல்களான சரட்டோகா, நகாட்டோ, ஆர்கன்சா மூன்றையும் மூழ்கடித்தது இந்தக் குண்டுதான். அபோகன், பைலட்ஃபிஷ் நீர்மூழ்கிகளும் இதில்தான் போயின.

டைவருக்கு இந்த வரலாறு ஏன் வேண்டும்? கப்பல் எப்படிக் கிடக்கிறது என்பதை அது மூழ்கிய விதம்தான் தீர்மானித்திருக்கிறது. சரட்டோகா ஏழரை மணி நேரம் மெதுவாக இறங்கியதால் நிமிர்ந்து நிற்கிறது. நகாட்டோ ஐந்து நாள் நீர் ஏறி, ஜூலை 29 இரவு யாரும் பார்க்காத நேரத்தில் கவிழ்ந்தது. மேல்தளத்துப் பீரங்கிக் கோபுரங்களின் கனம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. வெடிப்புக்கு மிக அருகில் நின்ற ஆர்கன்சாவும் தலைகீழ்தான். தலைகீழாகக் கிடக்கும் கப்பலில் பார்க்க வேண்டியதெல்லாம் அடியில், மணலை ஒட்டித்தான் இருக்கும். எனவே அந்த டைவுகளில் ஆழத்தைக் குறைத்துக்கொள்ள வழியே இல்லை.

கதிர்வீச்சு: எது பயம், எது நிஜம்

1958 வரை பிகினியில் மொத்தம் 23 வெடிப்புகள். அவற்றில் 1954 மார்ச் 1-ஆம் தேதி வெடித்த ‘காசில் பிராவோ’ 15 மெகாடன். இன்று மண்ணில் மிச்சமிருப்பவற்றில் முக்கியமானது சீசியம்-137. அதன் அரை ஆயுள் 30 வருடம் என்பதால் இரண்டு அரை ஆயுள் கழிந்துவிட்டது. தீவில் நடப்பதாலோ காயலில் நீந்துவதாலோ உடலில் படும் கதிர்வீச்சு குறைவு. கப்பல்களைச் சுற்றியிருக்கும் தண்ணீரும் நல்ல தடுப்பு.

சிக்கல் சாப்பாட்டில் இருக்கிறது. பவள மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. அதனால் தென்னை, தாழை, ஈரப்பலா போன்றவை பொட்டாசியத்துக்குப் பதில் சீசியத்தை இழுத்துக்கொள்கின்றன. 1970-களில் ஊர் திரும்பிய குடும்பங்களின் உடலில் சீசியம் ஏறியதால் 1978-இல் அவர்களை மீண்டும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஆகவே கடைப்பிடிக்க வேண்டிய விதி எளிது: தீவில் இறங்கினால் இளநீர் குடிக்காதீர்கள், தேங்காயோ தேங்காய் நண்டோ தின்னாதீர்கள். கப்பலில் கொண்டுவந்த உணவு போதும். மூழ்கிய கப்பலுக்குள் அடிவண்டலைக் கிளறுவதும், எதையாவது எடுத்துப் பையில் போடுவதும் கூடாது. கதிர்வீச்சு மட்டுமல்ல காரணம். 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம் அது. ஒரு கோப்பையைக்கூட எடுத்துவர உங்களுக்கு உரிமை கிடையாது.

எப்போது, எப்படிப் போவது

வடகிழக்கு வணிகக் காற்று தணியும் மே முதல் அக்டோபர் வரைதான் பயணக் காலம். மற்ற மாதங்களில் திறந்த கடல் தாண்டுவது வேதனை; டைவுக்கு முன்பே ஆள் சோர்ந்துவிடுவார். தண்ணீர் 27 முதல் 29 டிகிரி.

தீவில் தங்கி டைவ் செய்யும் ஏற்பாடு 1996 முதல் 2008 வரை இருந்தது. உள்ளூர் விமானச் சேவை நம்ப முடியாததாகி, அது நின்றுபோனது. இப்போது தங்கும் வசதியுள்ள டைவ் கப்பல்தான் ஒரே வழி. ஹொனொலுலுவிலிருந்தோ குவாமிலிருந்தோ தீவுக்குத் தீவு இறங்கி ஏறும் விமானத்தில் மார்ஷல் தீவுகளிலுள்ள க்வாஜலீன் போய், அங்கிருந்து ஃபெரியில் பக்கத்துத் தீவான எபாய் போய், அங்கே கப்பல் ஏற வேண்டும். பிறகு பிகினிக்கு 24 முதல் 30 மணி நேரம்.

இதில் ஆட்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில:

- ஹொனொலுலுவிலிருந்து வரும்போது தேதிக்கோட்டைத் தாண்டுவீர்கள். திங்கள்கிழமை கிளம்பினால் செவ்வாய்க்கிழமை இறங்குவீர்கள். கப்பல் கிளம்பும் நாளை இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.
- அந்த விமானம் வாரத்தில் சில நாள்தான். பெட்டி ஒன்று தவறினால் அடுத்த விமானம் வரும்போது நீங்கள் பிகினியில் இருப்பீர்கள். குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், மாஸ்க், ரீபிரீதரின் (வெளிவிடும் மூச்சைச் சுத்தம்செய்து மறுபடி சுவாசிக்கத் தரும் கருவி) தலைப்பகுதி எல்லாம் கைப்பையில்.
- க்வாஜலீன் அமெரிக்க ராணுவத் தளம். அங்கே கால் வைக்க முன்அனுமதி வேண்டும். கப்பல் நிறுவனம் வாங்கித் தரும், ஆனால் பாஸ்போர்ட் விவரத்தைச் சில மாதம் முன்பே கேட்கும். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.
- இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஹொனொலுலு, குவாம் வழியே போக அமெரிக்க விசா தேவை. விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் இதே கதைதான். விசா நேர்காணலுக்கான வரிசையை வைத்துப் பார்த்தால், இதுதான் முதலில் தொடங்க வேண்டிய வேலை.

பிகினி மக்களின் உள்ளாட்சி மன்றத்துக்கு டைவ் கட்டணம் உண்டு. கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதி: சான்றிதழ் அட்டை மட்டும் போதாது

காயலின் அடி 50 முதல் 55 மீட்டர். அங்கே 25 நிமிடம் இருந்தால் மேலே வர 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கட்டாய நிறுத்தங்கள் இருக்கும். அந்த நிறுத்தங்களைத்தான் டைவர்கள் டிகோ என்கிறார்கள். ஓப்பன் சர்க்யூட் (வெளிவிடும் மூச்சு குமிழியாகப் போய்விடும் சாதாரண முறை) டைவருக்கு 60 மீட்டர் டிரைமிக்ஸ் (ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் கலந்த கேஸ்) பயிற்சியும், ரீபிரீதர் டைவருக்கு அதே ஆழத்துக்கான டிரைமிக்ஸ் பயிற்சியும் குறைந்தபட்சம். கப்பலுக்குள் நுழைய நினைத்தால் உள்நுழைவுப் பயிற்சி தனி.

கிளம்புவதற்கு முந்தைய ஆறு மாதத்தில், எடுத்துப்போகும் அதே உபகரணத்தோடு 45 முதல் 50 மீட்டர் வரை பத்து டைவாவது செய்திருக்க வேண்டும். மூன்று வேலைகள் யோசிக்காமல் கை தானே செய்யும் அளவுக்கு வர வேண்டும்: முதுகுக்குப் பின்னால் வால்வை எட்டி மூடுவது, ஓரிடத்தில் நின்றபடி ஆழம் மாறாமல் கேஸ் மாற்றுவது, 20 மீட்டரிலிருந்து மிதவையை மேலே அனுப்புவது. இவற்றில் ஒன்று தடுமாறினாலும் பிகினியை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். எண்பது வருடம் கிடந்த கப்பல் இன்னும் ஒரு வருடம் கிடக்கும்.

கேஸ் கணக்கு

வழிகாட்டிகளில் பலரும் வேகமாகத் தாண்டும் பகுதி இது. நாம் மெதுவாகப் பார்ப்போம்.

52 மீட்டரில் அழுத்தம் 6.2 பார். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.3 பார்தான் வரும், அந்த அளவில் பிரச்சினை இல்லை. பழைய நாட்களில் காற்றிலேயே இங்கு டைவ் செய்தார்கள். தொல்லை இரண்டு. ஒன்று, நைட்ரஜன் மயக்கம்: மீட்டரைப் பார்ப்பீர்கள், எண் மனதில் ஏறாது. இன்னொன்று, கேஸின் அடர்த்தி. அந்த ஆழத்தில் ஒரு லிட்டர் காற்று 8 கிராம் கனக்கும். 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய பரிந்துரை. அடர்ந்த கேஸை இழுத்து விடுவதற்கே உடல் களைத்து, கரியமில வாயு உள்ளேயே தேங்கும். அது தேங்கினால் மூச்சு வாங்கும், பதற்றம் வரும், பதற்றத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும்.

21/35, அதாவது 21 சதவீதம் ஆக்சிஜனும் 35 சதவீதம் ஹீலியமும் உள்ள டிரைமிக்ஸ், 52 மீட்டரில் லிட்டருக்கு சுமார் 5.7 கிராம். மயக்கத்தின் அளவு காற்றில் 30 மீட்டரில் இருப்பதுபோல. ஓப்பன் சர்க்யூட்டுக்கு இது போதும். 18/45 என்றால் சுமார் 5 கிராம், மயக்கம் 24 மீட்டருக்குச் சமம். ரீபிரீதருக்கு டைலுயன்டாக (ஆக்சிஜனோடு சேர்த்துக் கருவிக்குள் விடும் கேஸ்) 18/45-ஐயே எடுங்கள். காரணம் அடர்த்தி மட்டுமல்ல. செட்பாயின்ட், அதாவது கருவி தக்கவைக்கும் ஆக்சிஜன் அழுத்தம், 1.2 வைத்திருக்கும்போது 21/35-ஆல் லூப்பை (மூச்சு சுற்றிவரும் குழாய்ப் பாதை) அலசினால் 52 மீட்டரில் ஆக்சிஜன் 1.3-க்குக் கீழே இறங்கவே இறங்காது. சென்சார் சரியா, ஆக்சிஜன் ஏறிவிட்டதா என்று சோதிக்கும் வழியே அடைபட்டுப்போகும். 18/45-ஆல் அலசினால் 1.12-க்கு வரும். மூன்று சென்சாரும் அந்த எண்ணைக் காட்டினால் நிம்மதியாகத் தொடரலாம்.

இனி அளவு. இரட்டை 12 லிட்டர் சிலிண்டர், 200 பார்: 4800 லிட்டர். கூட வருபவரின் கேஸ் தீர்ந்துவிட்டால் இருவரும் ஒரே செட்டில் 21 மீட்டர் வரை ஏறி 50 சதவீத நைட்ராக்ஸுக்கு (பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன்) மாற வேண்டும். பதற்றத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வையுங்கள். அடியில் நிலைமையைச் சரிசெய்ய 2 நிமிடம்: 2 × 30 × 6.2 × 2 = 744 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் ஏற மூன்றரை நிமிடம், சராசரி அழுத்தம் 4.65 பார்: சுமார் 976 லிட்டர். மொத்தம் 1720 லிட்டர், இந்தச் செட்டில் 72 பார். அழுத்த மீட்டர் இதைத் தொடும் முன் அடியிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். மிச்சம் 3080 லிட்டரில், நிதானமாக 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு (நிமிடத்துக்கு 124 லிட்டர்) ஏறக்குறைய 25 நிமிடம்.

கப்பலில் 12 லிட்டருக்குப் பதில் 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் ஜோடி கிடைத்தால் இதே கணக்கு 22 நிமிடத்தில் முடிந்துவிடும். எது கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். உள்ளே நுழையும் டைவ் என்றால் மூன்றில் ஒரு பங்கு விதியும் சேரும்: 1600 லிட்டர் செலவானதும் திரும்ப வேண்டும், அதாவது 13 நிமிடத்துக்குள். அப்போதும் மேலே சொன்ன 1720-தான் கீழ்வரம்பு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குக் கட்டுப்படுங்கள்.

ரீபிரீதர் டைவருக்கு பெயில்அவுட் கணக்கு, அதாவது கருவி கைவிட்டால் மாறிக்கொள்ளும் தனிச் சிலிண்டர்களின் கணக்கு. கரியமில வாயு ஏறியவர் முதல் இரண்டு நிமிடம் நிமிடத்துக்கு 50 லிட்டர்கூட இழுப்பார்: 620 லிட்டர். 21 மீட்டர் வரை ஏற 490 லிட்டர். 11.1 லிட்டர் சிலிண்டரில் 18/45 இருந்தால் மொத்தம் 2220. பாதி தீர்ந்திருக்கும், மிச்சம் ஆழமான நிறுத்தங்களுக்கு. நைட்ராக்ஸ் 50 உள்ள இரண்டாவது சிலிண்டர் 50 நிமிட நிறுத்தத்துக்கு, சராசரி 2 பார் அழுத்தத்தில், 2000 லிட்டர் கேட்கும். மட்டுமட்டாகத்தான் இருக்கிறது. அதனால் அடியில் 40 நிமிடத்தைத் தாண்டுவதாக இருந்தால், இறங்கு கயிற்றில் கூடுதல் சிலிண்டர் ஒன்று தொங்காமல் இறங்காதீர்கள்.

ஹீலியம் அங்கே பொன் விலை, கப்பலில் இருப்பும் அளவோடுதான். ஓப்பன் சர்க்யூட்டில் ஒரு டைவுக்கு 1100 லிட்டர் ஹீலியம் போகும். இருபது டைவுக்கு 22,000 லிட்டர், பெரிய சிலிண்டர் இரண்டுக்கு மேல். ரீபிரீதரில் அதே இருபது டைவுக்கு 2700 லிட்டர் சுற்றி வரும். இந்த எட்டு மடங்கு வித்தியாசம்தான் பிகினிக்கு வருபவர்களை ரீபிரீதர் பக்கம் தள்ளுகிறது. ஆனால் பிகினிக்காகவே அவசரமாக ரீபிரீதர் கற்றுக்கொண்டு வருவது மோசமான யோசனை. அந்தக் கருவியில் நூறு மணி நேரம் பழகியவருக்குத்தான் இந்த இடம்.

எடுத்துப்போக வேண்டியவை

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று 3 மில்லிமீட்டர் உடையோடு வருபவர்கள் மூன்றாம் நாள் டிகோவில் நடுங்குகிறார்கள். 5 மில்லிமீட்டர் எடுங்கள். குளிர்ந்த உடலிலிருந்து கேஸ் வெளியேறுவது மந்தமாகும், டிகோவின்போது அது ஆபத்து. கம்ப்யூட்டர் இரண்டு, முதன்மை டார்ச் ஒன்று, மாற்று டார்ச் இரண்டு, ரீல், சிறு ஸ்பூல், மிதவை இரண்டு, கத்தி இரண்டு.

ரீபிரீதருக்கு: புதிய ஆக்சிஜன் சென்சார் ஒரு முழு செட், மாற்று செட் இன்னொன்று, ஓ-ரிங் பெட்டி, பேட்டரி, லூப் குழாய். கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பைக் கப்பல் வழியாகவே முன்பதிவு செய்யுங்கள். கேனிஸ்டருக்கு இரண்டரை கிலோ, தினமும் மாற்றினால் பத்து நாளுக்கு 25 கிலோ. 20 கிலோ ட்ரம் ஒன்று பத்தாது. மிச்சம் பிடிக்க நேற்றையதையே போடுவது இங்கே நடக்கும் தவறுகளில் மன்னிக்க முடியாதது. லித்தியம் பேட்டரிகள் கைப்பையில். சிலிண்டர் எடுத்துப்போனால் காலியாக, வால்வு கழற்றி.

கடைசியாக, காதுக்குச் சொட்டு மருந்து. தினமும் மூன்று மணி நேரம் வெந்நீர்க் கடலில் ஊறும் காது, நான்காம் நாள் புண்ணாகும். பயணத்தை முடக்குவதில் டிகோ நோயைவிட (மேலே வரும்போது உடலில் கரைந்த கேஸ் குமிழியாவதால் வருவது) அதிகமாகக் காது வலிக்குத்தான் பங்கு. ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, சொட்டு மருந்து விடுங்கள்.

எந்தக் கப்பல் முதலில்

தொடக்கம் சரட்டோகாதான். 1927-இல் சேவைக்கு வந்த விமானம்தாங்கி, 270 மீட்டர் நீளம். கட்டளை மேடை சுமார் 18 மீட்டரில், ஓடுதளம் 30 மீட்டருக்குச் சற்று மேலே, அடித்தரை 52 மீட்டர். உபகரணம் சரிபார்க்கும் முதல் டைவை மேடையிலும் ஓடுதளத்திலும் முடித்துக்கொள்ளலாம். எடை சரியா, சென்சார் ஒத்துப்போகிறதா, காது திறக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அன்றைய வேலை. இரண்டாம் நாள் முன்பக்கம்: அடியிலிறங்கி அணியத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் புரியும். மேடையை ஒட்டி இரட்டை ஐந்து அங்குலப் பீரங்கிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாம் நாளுக்குப் பிறகு விமானக் கூடம். விமானங்களை மேலேற்றும் மின்தூக்கியின் திறப்பு வழியாக இறங்கினால், இறக்கை மடித்த ஹெல்டைவர் விமானங்கள் வண்டலுக்குள் அமுங்கிக் கிடக்கும். பக்கத்தில் குண்டுகள். வெற்றுக் கூடுகள் அல்ல, பரிசோதனைக்காக ஏற்றப்பட்ட நிஜக் குண்டுகள். தொடக் கூடாது, பிடித்து நிற்கவும் கூடாது. ஓடுதளத்தின் பல பகுதிகள் ஏற்கெனவே உள்ளே இடிந்து விழுந்துவிட்டன. எந்த இடம் இப்போது திறந்திருக்கிறது, எது புதிதாகச் சரிந்தது என்பதை கப்பல் வழிகாட்டியிடம் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். போன வருட வரைபடத்தை நம்ப வேண்டாம்.

நகாட்டோவை நான்காம், ஐந்தாம் நாளுக்கு வையுங்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலின்போது ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் கொடிக்கப்பல் இதுதான். பின்பக்கம் இறங்கினால் 35 மீட்டர் வாக்கில் நான்கு புரொப்பல்லர்களும் வானத்தைப் பார்த்தபடி தெரியும். பெரும்பாலோர் அங்கேயே படமெடுத்து நேரத்தைச் செலவழித்துவிட்டு, பிறகு பீரங்கியைப் பார்க்க அடியில் இறங்குகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆழத்துக்குப் போய் 41 சென்டிமீட்டர் பீரங்கிக் குழல்களைப் பாருங்கள். குனிந்து குழலின் வாயில் டார்ச் அடித்தால் உள்வரிகள்கூடத் தெரியும். பக்கத்தில் மணலில் ஒடிந்து கிடக்கும் கட்டளைக் கோபுரத்தைப் பாருங்கள். ஏறும்போது புரொப்பல்லர்கள். ஒரே டைவில் முன்னும் பின்னும் பார்க்க முயலாதீர்கள், கப்பல் 220 மீட்டருக்கு மேல்.

கவனம்: கவிழ்ந்த கப்பலின் மேல்தள விளிம்புக்கும் மணலுக்கும் இடையே உள்ள இடுக்குக்குள் போவதும் உள்நுழைவுதான். தலைக்கு மேல் முப்பதாயிரம் டன் எஃகு இருக்கிறது.

1912-இல் சேவைக்கு வந்து நார்மண்டி வரை போன ஆர்கன்சா, வெடிப்பில் நசுங்கிக் கிடக்கிறது. அழகு என்று சொல்ல மாட்டோம், ஆனால் குண்டின் பலம் எங்கே தெரிகிறது என்று கேட்டால் இங்கேதான். லாம்சன் நிமிர்ந்து நிற்கும் நாசகாரி; டார்பிடோக் குழாய்களும், பின்பக்கம் ஆழ்நீர்க் குண்டுகளும் அப்படியே இருக்கின்றன. ஆண்டர்சன் பக்கவாட்டில். அபோகன் நீர்மூழ்கி நிமிர்ந்த நிலையில், கண்ணாடி மீன் கூட்டம் சூழ்ந்து. சிறியது என்பதால் ஒரே டைவில் முழுதும் சுற்றிவரலாம். சகாவா நொறுங்கிப் போனது, நேரமிருந்தால் மட்டும்.

டைவ் நடக்கும் விதம்

நாளைக்கு இரண்டு டைவ், இடையே குறைந்தது நான்கு மணி நேரம். ஆழமானது காலையில்.

1. தண்ணீரில் இறங்குமுன் ரீபிரீதரில் ஐந்து நிமிடம் மூச்சுவிட்டு எண்களைப் பாருங்கள். சிலிண்டர்களை அனலைசரில் சோதித்து, பெயர், கேஸ், அதிகபட்ச ஆழம் மூன்றையும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.
2. 6 மீட்டரில் நின்று ஒருவரையொருவர் சுற்றிப் பார்த்து கேஸ் கசிவு சோதனை.
3. இறங்கு கயிற்றை விட்டு விலகாமல் கப்பலை அடையுங்கள். கயிறு கட்டிய இடத்தில் ஒளிரும் விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் திரும்பும்போது தேட வேண்டாம்.
4. உள்ளே நுழைந்தால் வெளியிலிருந்தே ரீல் கயிறு. முதல் கட்டு திறந்த நீரில், இரண்டாவது வாசலை ஒட்டி. துருப்பிடித்த விளிம்பு கயிற்றை அறுக்கும் என்பதால் மழுங்கிய இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். மூச்சுக் குமிழி கூரையில் பட்டதும் துருத் தூள் மழையாகக் கொட்டும். போகும்போது தெளிவாக இருந்த வழி, வரும்போது கை நீளம்கூடத் தெரியாது.
5. குறித்த நிமிடத்தில் அல்லது குறித்த அழுத்தத்தில், எது முந்துகிறதோ அப்போது திரும்புங்கள்.
6. 21 மீட்டரில் கேஸ் மாற்றம். குழாயை நுனி முதல் சிலிண்டர் வரை கையால் தொடர்ந்து வந்து, ஒட்டிய எண்ணைத் துணைவரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே வாயில் வையுங்கள். தவறி 52 மீட்டரில் நைட்ராக்ஸ் 50-ஐ இழுத்தால் ஆக்சிஜன் 3.1 பார். வலிப்பு வரும், ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும்.
7. டிகோ முழுவதும் டைவ் கப்பலிலிருந்து தொங்கும் கம்பியில். சாம்பல் சுறாக்கள் எட்டிப் பார்க்கும். அவற்றால் தொந்தரவில்லை, அவற்றைப் பார்த்துக்கொண்டே ஆழம் மாறுவதால்தான் தொந்தரவு.

கம்ப்யூட்டரில் கிரேடியன்ட் ஃபேக்டரின் (டிகோ கணக்கு எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்பு) மேல் எண்ணை 85-இல் விடாமல் 70-க்கு இறக்குங்கள். சில நிமிடம்தான் கூடும். ஆக்சிஜன் அளவும் சேர்ந்துகொண்டே போகும்: 1.2 பாரில் ஒரு நாளுக்கு 240 நிமிடம் என்பது வரம்பு, ஒன்றரை மணி நேர டைவ் இரண்டே அதில் முக்கால் பங்கைத் தின்றுவிடும். ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் ஒரு டைவைக் கைவிட்டு உறங்குங்கள். பணம் வீணாகிறதே என்று தோன்றும். தோன்றட்டும்.

யாருக்காவது டிகோ நோய் என்றால்

மூட்டு வலி, தோலில் பளிங்குக் கோடுகள், மிஞ்சிய சோர்வு, மரத்துப்போதல். டைவுக்குப் பின் வரும் எந்த வலியையும் “தோளில் சிலிண்டர் தூக்கியதால்” என்று தள்ளாதீர்கள். கால் தளர்ந்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடனே படுக்க வைத்து, முகத்தை ஒட்டிய மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தூய ஆக்சிஜன், குடிக்க முடிந்தால் நீர், நேரம் போட்டு அறிகுறிகளைக் குறித்தல், சேட்டிலைட் போனில் டைவ் மருத்துவர். 15 லிட்டர் வீதம் 30 மணி நேரம் என்றால் 27,000 லிட்டர்: 50 லிட்டர் பெரிய சிலிண்டர் மூன்று, ஒரே ஒரு நோயாளிக்கு. முன்பதிவு செய்யும்போதே கப்பல்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும், நோயாளி வந்தால் டிகோவுக்கு வைத்ததை ஒதுக்குவீர்களா?” தெளிவான பதில் வராவிட்டால் வேறு பயணத்தைப் பாருங்கள். டைவ் விபத்துக் காப்பீட்டில் டெக்னிக்கல் ஆழமும் விமான மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பும் வழியில்

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் குறைந்தபட்சம்; திரும்பும் கடல் பயணமே அதைக் கொடுத்துவிடும். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் இன்னும் நல்லது. அனுமதி கிடைத்தால் க்வாஜலீன் காயலில் பிரின்ஸ் ஓய்கனைப் பார்க்கலாம். இரண்டு குண்டுகளையும் தாங்கிய இந்த ஜெர்மன் கப்பலை இழுத்துவந்து நிறுத்தினார்கள். கசிவை அடைக்க ஆளில்லாமல் 1946 டிசம்பர் 22-ஆம் தேதி கவிழ்ந்தது. 2018-இல் அதன் எண்ணெயை அமெரிக்கக் கடற்படை உறிஞ்சி எடுத்தது. பின்பக்கம் நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் டிகோ இல்லாமல் பார்த்துவிடலாம், ஆனால் 24 மணி நேரக் கணக்கு அந்த டைவிலிருந்து மறுபடி தொடங்கும்.